வெள்ளையா, இளம்பச்சையா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

வீட்டிற்கு வண்ணம் பூசும் காலம் வந்துவிட்டால் வீட்டிற்குள் இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். அம்மா ஒரு நிறம் சொல்வார்; அப்பா வேறொரு நிறம் சொல்வார்; பாட்டியோ "சுண்ணாம்பை விட நல்லது எது?" என்று இருவரையும் மடக்குவார். கடைசியில் கடையில் எது மலிவோ அது சுவரேறும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் பொங்கலுக்கும் முன்பாக நம் தெருக்களில் ஆண்டுதோறும் காணும் காட்சி இது. இந்த நிறம் ஏன் என்று கேட்டால், "பார்க்க அழகாக இருக்கிறது" என்பதற்கு மேல் நம்மில் பலர் விடை சொல்வதில்லை. ஓர் அறையின் நிறத்தை அழகைக் கொண்டு மட்டும் தீர்மானிக்கலாமா? நாம் படிக்கும் கணக்குக்கும் அறிவியலுக்கும் அங்கே வேலை உண்டா? இதையே இக்கட்டுரையில் காண்போம்.

இக்கேள்வி எங்கள் வகுப்பில் எழக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் அறை 20 அடி நீளமும் 20 அடி அகலமும் 10 அடி உயரமும் உடையது. சன்னல்கள் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. அந்தப் பக்கத்திலும் ஒரு பலாமரம் கிளை பரப்பி நிற்கிறது. கோடையில் அம்மரத்தைப் போல் நல்ல நண்பன் இல்லை. ஆனால் கார்த்திகை, மார்கழி மழையில் வானம் மூடிக்கொண்டால், சன்னலுக்கு எதிர்ப்பக்கமும் கடைசி வரிசையும் மாலை ஆறு மணி போல ஆகிவிடும். மின்சாரமும் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். அரையாண்டுத் தேர்வு வருவதும் அந்த மாதத்தில்தான். எங்கள் தோழி ஒருத்தி தடித்த கண்ணாடி அணிந்தவள். உயரமானவள் ஆதலால் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறாள். முன்னே வந்து உட்காரச் சொன்னால், "பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்குமே" என்று மறுத்துவிடுவாள். கரும்பலகையில் 3 எது, 8 எது என்று பக்கத்தில் இருப்பவளைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதுவாள். அரசுப் பொதுத்தேர்வு எழுத வேண்டிய ஆண்டில் இது சிறிய விஷயம் அன்று.

இந்நிலையில், பெற்றோர் ஒருவர் எங்கள் அறைக்கு வண்ணம் பூசும் செலவை ஏற்றுக்கொள்ள முன்வந்தார். வெள்ளையா, இளம்பச்சையா என்பதை வகுப்பே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் வகுப்பாசிரியையான சிஸ்டர் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்: "கை தூக்கி எண்ணி முடிவு செய்யக் கூடாது. எந்த நிறமானாலும் ஏன் என்று எழுதிக் கொடுங்கள்." வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. வெள்ளைக் கட்சியார் "வெளிச்சம்" என்றார்கள். பச்சைக் கட்சியார் "கண்ணுக்குக் குளிர்ச்சி" என்றார்கள். இரண்டு வாரம் இடைவேளையெல்லாம் இதே பேச்சாக இருந்தது.

நம் வடலூரில் வண்ணத்தைப் பற்றிப் பேசுவது புதிதும் அன்று. இராமலிங்க அடிகளார் நிறுவிய சத்திய ஞான சபை 1872-ஆம் ஆண்டு தைப்பூச நாளில் திறக்கப்பட்டது. எட்டு மூலைகள் கொண்ட அச்சபையின் உள்ளே சோதியை ஏழு திரைகள் மறைத்து நிற்கின்றன. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெள்ளை, கலப்பு என்பது அவற்றின் வரிசை. மாதப் பூசத்தில் ஆறு திரைகளை விலக்குவார்கள். தைப்பூசத்தன்று ஏழையும் விலக்கிச் சோதியைக் காட்டுவார்கள். எங்கள் இரு கட்சிகளின் நிறங்களும் அவ்வரிசையில் உண்டு. பச்சை மூன்றாவது, வெள்ளை ஆறாவது. அங்கே அந்த நிறங்களுக்கு உள்ள பொருள் ஆழமானது. அதனை விளக்கும் தகுதி எமக்கில்லை. நாம் எடுத்துக்கொண்டது பள்ளிக்கூடச் சுவர். அதற்கே வருவோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சுவர் ஒளி தருவதில்லை. சன்னல் வழியே வரும் ஒளியில் ஒரு பகுதியைத் தான் விழுங்கிக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவே. எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதுதான் நிறத்துக்கு நிறம் வேறுபடுகிறது. புதிதாக அடித்த நல்ல வெள்ளை, தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கைத் திருப்புகிறது. இளமஞ்சள் ஏறத்தாழ 70 பங்கைத் திருப்பும். இளம்பச்சை 50 பங்கு அளவில் நிற்கும். மருத்துவமனைச் சுவர்களின் அடிப்பகுதியில் பார்க்கும் அடர்பச்சை 20 பங்கைத் திருப்பினாலே அதிகம். 80-க்கும் 50-க்கும் வேறுபாடு 30 தானே என்று தோன்றலாம். அப்படியன்று, இங்கேதான் நம் கணக்குப் பாடம் உதவிக்கு வருகிறது.

ஒரு சுவரில் பட்டுத் திரும்பிய ஒளி அதோடு நின்றுவிடுவதில்லை. எதிர்ச்சுவரில் படுகிறது, அங்கிருந்து கூரைக்குப் போகிறது, அங்கிருந்து மீண்டும் சுவருக்கு வருகிறது. எல்லாப் பக்கமும் வெள்ளையான ஒரு பெட்டிக்குள் 100 பங்கு ஒளி நுழைந்ததாகக் கொள்வோம். முதல் மோதலில் 80 திரும்பும், இரண்டாவதில் அந்த 80-இல் 80 விழுக்காடு, அதாவது 64, பிறகு 51.2, இப்படியே குறைந்துகொண்டு போகும். 100, 80, 64, 51.2 என்பது பெருக்குத் தொடர். முதல் உறுப்பை ஒன்றிலிருந்து பொது விகிதத்தைக் கழித்து வருவதால் வகுத்தால் முடிவிலிக் கூடுதல் கிடைக்கும் என்று படித்திருக்கிறோம். 100-ஐ 0.2 ஆல் வகுத்தால் 500. பெட்டி முழுவதும் இளம்பச்சையானால் 100, 50, 25 என்று போகும்; 100-ஐ 0.5 ஆல் வகுத்தால் 200. வந்த ஒளி ஒன்றே. ஆனால் ஒரு பெட்டி அதனை ஐந்து மடங்காகப் பயன்படுத்துகிறது, மற்றொன்று இரண்டு மடங்காகப் பயன்படுத்துகிறது! தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்த சூத்திரம் சுவரில் வந்து நிற்பதைக் கண்டு எங்களுக்கு வியப்பாக இருந்தது.

ஆனால் வகுப்பறை என்பது வெறும் பெட்டி அன்று. தரை சிமெண்டுத் தரை; பெஞ்சுகள் மர நிறம்; எங்கள் சீருடைப் பாவாடையோ கருநீலம். எனவே மேசை, நாற்காலி, சன்னல் ஆகியவற்றை விட்டுவிட்டு, தரையை மட்டும் சேர்த்து மறுபடியும் கணக்கிட்டோம். நான்கு சுவர்களின் பரப்பு 800 சதுர அடி. கூரை 400, தரை 400. மொத்தம் 1600. கூரை வெள்ளை, அது 80 விழுக்காடு. தரைக்கு 20 விழுக்காடு என்று வைத்துக்கொண்டோம். சுவர்களும் வெள்ளையானால் அறையின் சராசரி 65 விழுக்காடு வருகிறது; 100 பங்கு ஒளி 286 ஆகிறது. சுவர்கள் இளம்பச்சையானால் சராசரி 50 விழுக்காடு. ஒளி 200 ஆகிறது. அடர்பச்சையானால் 154-க்கு மேல் போகவில்லை. பெட்டியில் இருந்த அளவு வேறுபாடு இல்லைதான். ஆனாலும் 200-க்கும் 286-க்கும் இடையே உள்ளது, மழைநாளில் கடைசி வரிசையில் 3-க்கும் 8-க்கும் இடையே உள்ள வேறுபாடு. சன்னலோரம் இருப்பவளுக்கு நேரான ஒளி கிடைத்துவிடும். அவளுக்குச் சுவரின் நிறம் பெரிதன்று. சன்னலிலிருந்து விலகி இருப்பவள்தான் சுவரை நம்பி இருக்கிறாள்.

பச்சைக் கட்சியார் இதற்கு மறுப்பாகக் கொண்டுவந்த வாதம் சுவையானது. மனிதக் கண், பகல் ஒளியில் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் கலந்த பச்சையையே எல்லாவற்றிலும் பிரகாசமாக உணர்கிறது. ஆகவே பச்சைச் சுவரே அதிக வெளிச்சமாகத் தோன்ற வேண்டும் என்றார்கள். கண்ணைப் பற்றிச் சொன்னது சரியே. ஆனால் வெள்ளைச் சுவரும் அந்தப் பச்சை ஒளியைத் திருப்பி அனுப்புகிறதே! அத்தோடு சிவப்பையும் நீலத்தையும் சேர்த்து அனுப்புகிறது. பச்சைச் சுவர் பச்சை ஒளியை உண்டாக்குவதில்லை, மற்றவற்றை விழுங்கிவிடுகிறது. எனவே இவ்வாதம் நிற்கவில்லை. இதைத் தேடப்போனபோது வேறொரு செய்தியும் அறிந்தோம். நோபல் பரிசு பெற்ற நம் திருச்சிராப்பள்ளி சி. வி. இராமன் முதிய வயதில் மலர்களின் நிறங்களையும் கண் நிறம் காணும் விதத்தையும் ஆராய்ந்து, 1968-ஆம் ஆண்டு பார்வையைப் பற்றி நூலே வெளியிட்டிருக்கிறார். எண்பது வயதில் பூக்களைப் பார்த்து ஆராய்ச்சி!

பச்சைக் கட்சியாரின் வலுவான வாதம் பிறகுதான் வந்தது. அது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து வந்தது. அங்குள்ள புனித லூக்கா மருத்துவமனையில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர் பணியாற்றினார். அக்காலத்தில் அறுவை அறை என்றால் சுவர், தரை, துணி எல்லாமே தூய வெள்ளை. வெள்ளை என்றால் சுத்தம். அழுக்கு உடனே தெரியும் என்பது அதன் நியாயம். ஆனால் நல்ல விளக்குகள் வந்தபின் அந்த வெள்ளையே தொல்லையாயிற்று. இரத்தச் சிவப்பும் நிழலுமாக உள்ள சிறிய இடத்தை உற்றுப் பார்க்கும் மருத்துவர், தலை நிமிர்ந்தால் கண் கூசும். மீண்டும் குனிந்தால் சிறிது நேரம் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. ஷெர்மன் இரத்தத்தின் சிவப்புக்கு எதிர்நிறம் எது என்று பார்த்து, பசலைக்கீரை நிறப் பச்சையைத் தம் அறுவை அறைக்குத் தேர்ந்தெடுத்தார். 1914-ஆம் ஆண்டு அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். இன்றைக்கும் அறுவை அறைகளில் பச்சை உடையும் நீல உடையும் காண்கிறோம் அல்லவா? அவ்வழக்கத்தின் தொடக்கங்களில் அவருடைய அறையும் ஒன்று. ஓர் அறைக்கு வெள்ளையா பச்சையா என்ற கேள்விக்கு, அழகைப் பற்றிப் பேசாமல் விடை கண்டவர் அவர்.

அவருடைய எண்ணம் சரியா என்பதை நாமே வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு செம்பருத்திப் பூவை வெள்ளைத் தாளின்மேல் வைத்து, நல்ல வெளிச்சத்தில், இமைக்காமல் 30 விநாடி உற்றுப் பாருங்கள். பிறகு பூவை எடுத்துவிட்டுத் தாளையே பாருங்கள். பூ இருந்த இடத்தில் நீலம் கலந்த பச்சையில் ஒரு பூ மிதக்கும்! சிவப்பை உணரும் பகுதி களைத்துவிடுவதால், வெள்ளையில் உள்ள மற்ற நிறங்களே மேலோங்கித் தெரிகின்றன. இதே சோதனையை இளம்பச்சைத் தாளில் செய்தால் அப்பொய்ப்பூ தாளோடு தாளாக அடங்கிப்போகும். எங்கள் வகுப்பில் இதைச் செய்த அன்று, பூவைக் காணாத ஒரு சிலர் இமைத்திருப்பார்கள் என்றே எண்ணுகிறோம்.

ஆனால் நாங்கள் வகுப்பில் இரத்தத்தைப் பார்ப்பதில்லை, கரும்பலகையைப் பார்க்கிறோம். ஷெர்மனின் காரணம் நமக்கு எப்படிப் பொருந்தும்? நிறம் பொருந்தாவிட்டாலும் கூச்சம் பொருந்துகிறது. கரும்பலகை கறுப்பு, அது திருப்பி அனுப்பும் ஒளி மிகச் சொற்பம். அதைச் சுற்றிப் பளிச்சென்ற வெள்ளைச் சுவர் இருந்தால் கண் அந்தச் சுவருக்கு ஏற்றவாறு பாவையைச் சுருக்கிக்கொள்ளும். அதுமட்டுமன்று. சுவரிலிருந்து வரும் ஒளியில் ஒரு பகுதி கண்ணுக்குள்ளேயே சிதறி, பலகையின் மேல் மெல்லிய பனித்திரை போட்டதுபோல் ஆகிவிடும். நல்ல கண்ணுக்கு இது தெரிவதில்லை. கண்ணாடி கீறலாகவோ தூசியாகவோ இருந்தாலும், முதியோரைப் போல் கண்ணில் புரை இருந்தாலும் அத்திரை தடிக்கும். நம் பாட்டிமார் வெயிலில் வெள்ளைச் சுவரைப் பார்க்கும்போது நெற்றியில் கை வைத்துக்கொள்வது இதனால்தான்.

இதனைச் சோதிக்க இரண்டு ஒட்டுப்பலகைகளில் ஒன்றுக்கு வெள்ளையும் மற்றொன்றுக்கு இளம்பச்சையும் பூசி, ஒவ்வொன்றாகக் கரும்பலகையின் பக்கத்தில் நிறுத்தினோம். காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் பார்த்தோம். நீதிபதியாக எங்கள் கண்ணாடித் தோழியையே கடைசி வரிசையில் அமர்த்தினோம். காலை வெயில் நேரே உள்ளே விழும்போது வெள்ளைப் பலகை இருந்தால் எழுத்தின் ஓரம் கரைகிறது என்றாள். பச்சைப் பலகை இருந்தால் ஓரம் நிற்கிறது என்றாள். பச்சைக் கட்சியார் கைதட்டினார்கள். மாலையில் மேகம் மூடியபோது பலகையை எதிர்ச்சுவர் ஓரமாக எடுத்துப்போய் அங்கே புத்தகம் படிக்கச் சொன்னோம். "வெள்ளைப் பலகை பக்கத்தில் இருந்தால் எழுத்து தெரிகிறது, பச்சை வேண்டாம்" என்றாள். இப்போது வெள்ளைக் கட்சியார் கைதட்டினார்கள். ஒரே பெண், ஒரே நாள், இரண்டு தீர்ப்பு! இரண்டும் உண்மையே. 'எந்த நிறம் நல்லது' என்று கேட்டால் விடை வராது. 'எந்தச் சுவருக்கு எந்த நிறம்' என்று கேட்டால் வருகிறது.

பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற பேச்சைப் பற்றியும் ஒரு சொல். வயலைப் பார்த்தால் கண் இளைப்பாறுகிறது என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். வயல் பச்சையாக இருப்பதோடு தொலைவிலும் இருக்கிறது. தொலைவைப் பார்க்கும்போது கண்ணின் தசை தளர்கிறது. ஆறடி தூரத்தில் நிற்கும் பச்சைச் சுவர் அந்த இளைப்பாறுதலைத் தராது. சுவரின் பச்சையில் கிடைக்கும் குளிர்ச்சி பெரும்பாலும் ஒளி குறைவதால் வருவது என்பது எங்கள் கருத்து. ஒளி மிகுந்த இடத்தில் அது நன்மை. ஒளி குறைந்த இடத்தில் அது நட்டம்.

வண்ணக் கடையில் தரும் மாதிரி அட்டையைப் பார்த்து இளம்பச்சை வாங்குவோர் அறிய வேண்டியது இன்னொன்று உண்டு. அட்டையில் மென்மையாக இருந்த நிறம், நான்கு சுவரிலும் ஏறியதும் "இவ்வளவு அழுத்தமா!" என்று திகைக்க வைக்கும். கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போவோரும் உண்டு. குற்றம் பெருக்குத் தொடருடையது. ஓர் இளம்பச்சை, பச்சை ஒளியில் 60 பங்கையும் சிவப்பு ஒளியில் 40 பங்கையும் திருப்புவதாகக் கொள்வோம். ஒருமுறை பட்டால் பச்சை சிவப்பைப் போல் ஒன்றரை மடங்கு. இரண்டு சுவரில் பட்டு வந்தால் 36-க்கு 16. அதாவது இரண்டேகால் மடங்கு. மூன்றாவதில் மூன்று மடங்கையும் தாண்டிவிடும். சுவர்கள் ஒன்றையொன்று பார்த்துப் பார்த்து நிறத்தை ஏற்றிக்கொள்கின்றன. ஆகையால் அட்டையில் விரும்பியதைவிட ஒரு படி வெளிறிய நிறத்தை வாங்குவதே அறிவுடைமை. ஒரே சுவருக்கு மட்டும் பூசினால் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை.

இனி வெள்ளையைப் பற்றிப் பார்ப்போம். நம் ஊர்ப் பக்கத்தில் வெள்ளை என்றால் சுண்ணாம்புதான். சுண்ணாம்புக் கல்லையோ, கடலோர ஊர்களில் கிளிஞ்சலையோ சூளையில் சுட்டால் கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகிறது. சுவரில் பூசியபின் காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட் ஆகிவிடுகிறது. கல்லாக இருந்தது கல்லாகவே சுவரில் வந்து அமர்கிறது. அதன் காரத்தன்மை நோய்க்கிருமிகளை வாழ விடாது. அதனால்தான் தொற்றுநோய்க் காலங்களில் தெருவெல்லாம் சுண்ணாம்பு தெளித்தார்கள்.

எங்கள் பலகைக்கு வெள்ளையடித்துத் தந்தவர் பள்ளிக்கு வழக்கமாக வரும் தாத்தா ஒருவர். சுண்ணாம்பில் கொஞ்சம் கஞ்சியும் கல்லுப்பும் சலவை நீலமும் கலந்து மட்டையால் ஒரே இழுப்பாக இழுத்தார். பலகை சாம்பல் நிறமாகத்தான் இருந்தது. "தாத்தா, வெள்ளையே இல்லையே?" என்றோம். "ஈரத்துல பாக்காத பாப்பா. காயட்டும், அப்பறம் பேசு" என்றார். ஒரு மணி நேரத்தில் பளீரென்று வெளுத்துவிட்டது! ஏன் என்று அவர் சொல்லவில்லை. ஒளிவிலகல் பாடம் சொன்னது. சுண்ணாம்புத் துகளின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.6, நீரின் எண் 1.33, காற்றின் எண் 1. ஈரமாக இருக்கும்போது துகள்களுக்கிடையே நீர் நிற்கிறது. எண்கள் நெருங்கி இருப்பதால் ஒளி அதிகம் சிதறாமல் உள்ளே போய்விடுகிறது. நீர் காய்ந்து அங்கே காற்று புகுந்ததும் வேறுபாடு கூடுகிறது, ஒளி சிதறித் திரும்புகிறது, வெண்மை தோன்றுகிறது. கடையில் விற்கும் வெள்ளை வண்ணங்களில் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடின் எண் ஏறத்தாழ 2.7. அதனால்தான் அது ஈரத்திலேயே மறைக்கிறது. நீலம் சேர்ப்பது ஒரு சிறு தந்திரம். சுண்ணாம்பின் இலேசான மஞ்சளை அது அடக்கிவிடுகிறது. கண்ணுக்கு வெண்மை கூடினாலும் ஒளி சிறிது குறையத்தான் செய்யும். தாத்தாவிடம் இதைச் சொன்னோம். "அப்ப நீலத்த கொறச்சிக்கலாம்மா" என்றார். எங்கள் படிப்பு ஒருவருக்காவது பயன்பட்டது!

வெள்ளைக்கும் குறை உண்டு. நம் பகுதி செம்மண் பகுதி. காற்றடித்தால் முந்திரித் தோப்பிலிருந்து வரும் புழுதி சன்னல் வழியே நுழைந்து சுவரில் படியும். மழைக்காலத்தில் ஓதம் ஏறிக் கறை படரும். போதாததற்கு நம் கைகளும் பைகளும் இருக்கின்றன. 80 பங்கு திருப்பிய வெள்ளை, அழுக்கேறி 50-க்கு வந்துவிட்டால் புது இளம்பச்சைக்கு மேல் அதற்குப் பெருமை ஒன்றும் இல்லை. பெயரளவில் வெள்ளை, கணக்கில் பச்சை! எங்கள் அறை இன்று இருப்பது அந்நிலையில்தான் என்று ஐயப்படுகிறோம். சுண்ணாம்பு மலிவு, ஆண்டுதோறும் அடிக்கலாம். அடிக்காவிட்டால் அது வெள்ளை அன்று. டிஸ்டெம்பர் சில ஆண்டுகள் தாங்கும். ஈரத்துணியால் மெல்லத் துடைக்கலாம். ஆனால் பழைய சுண்ணாம்பின் மேல் நேரே டிஸ்டெம்பர் பூசினால் ஏடு ஏடாக உரிந்துவிடும். சுரண்டி எடுத்துவிட்டே பூச வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்தே விலை பார்க்க வேண்டும்.

பச்சை என்றதும் பழங்கதை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 1775-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு வேதியியலார் கார்ல் ஷீலே செம்பையும் ஆர்சனிக்கையும் கொண்டு அழகிய பச்சை ஒன்றை உண்டாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளின் சுவர்த்தாள்களில் இத்தகைய ஆர்சனிக் பச்சைகள் பரவின. பலருடைய உடல்நலம் கெட்டது. இன்று அப்பச்சை கிடையாது. ஆனால் ஈயம் என்ற பகைவன் அண்மைக் காலம் வரை எண்ணெய் வண்ணங்களில் இருந்தான். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பவன் அவன். நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. பெற்றோர்கள் வண்ணம் வாங்கும்போது டப்பாவின் மேல் அதைப் பார்த்து வாங்குவது நல்லது. பழைய எண்ணெய் வண்ணம் பூசிய கதவு, சன்னலைச் சுரண்டும்போது சிறு பிள்ளைகளை அருகில் விடாதிருப்பது அதைவிட நல்லது.

இத்தனையும் எழுதி சிஸ்டரிடம் கொடுத்தோம். எங்கள் முடிவு இது: கூரையும் மூன்று சுவர்களும் சுண்ணாம்பு வெள்ளை, கரும்பலகை உள்ள சுவர் மட்டும் இளம்பச்சை டிஸ்டெம்பர், அதுவும் மினுமினுப்பு இல்லாதது. சன்னல் உள்ள சுவரையும் வெள்ளையாக வைத்ததற்குக் காரணம் உண்டு. அச்சுவர் இருண்டிருந்தால் பிரகாசமான சன்னல் இன்னும் அதிகமாகக் கண்ணைக் குத்தும். ஒரு சுவரைப் பச்சையாக்குவதால் எவ்வளவு ஒளி போகிறது என்றும் கணக்கிட்டோம். 286 என்பது 258 ஆகிறது. பத்தில் ஒரு பங்குதான் இழப்பு. காலை வெயிலில் எழுத்தின் ஓரம் கரையாமல் நிற்பதற்கு அந்த விலை கொடுக்கலாம் என்று இரு கட்சியாரும் ஒப்புக்கொண்டார்கள். கண்ணாடித் தோழி மட்டும், "என் ஒருத்திக்காகவா இவ்வளவும்?" என்று கேட்டாள். "கடைசி வரிசையில் நீ மட்டுமா இருக்கிறாய்?" என்றார் சிஸ்டர்.

மே மாத விடுமுறையில் பூச்சு வேலை நடக்கும். நாங்கள் அதற்குள் தேர்வு எழுதிப் போய்விடுவோம். அவ்வறையில் அமரப்போகிறவர்கள் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் தங்கைகளே. அவர்களிடம் இரண்டு வேண்டுகோள் வைத்திருக்கிறோம். தேசப்படங்களையும் அறிவியல் படங்களையும் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்ட வேண்டாம். அச்சுவர்தான் கடைசி வரிசைக்கு விளக்கு. படங்களைப் பச்சைச் சுவரின் இரு ஓரத்திலும் மாட்டிக்கொள்ளுங்கள். அடுத்த கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் தாத்தாவை மறக்காமல் கூப்பிட்டு மூன்று சுவருக்கும் மறுபடி சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுங்கள்; நீலத்தைக் குறைத்துப் போடச் சொல்வதையும் மறந்துவிடாதீர்கள்.